ஸ்டாண்டிங்காரர் உட்கார்ந்த கதை

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே அதிக நேரம் நின்ற மனிதர் எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான். மின்கம்பங்களைச் சேர்த்துக்கொண்டால் இரண்டாவது இடம். குனியமுத்தூரில் நாங்கள் குடிவந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் ஒரு நான்கு வருடம் அந்த மனிதர் எங்கேயாவது உட்கார்ந்து ஒரு ஈ காக்காய்கூடப் பார்த்ததில்லை.

பொள்ளாச்சி ரூட்டில் முப்பது வருடத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அதனால் தெருவில் அவருக்கு ஸ்டாண்டிங்காரர் என்று பெயர். வீட்டில் என்ன பெயர் வைத்தார்கள் என்று ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. "ஏனுங்க, செத்த நேரம் உக்காருங்களே" என்று யாராவது சொன்னால் போதும், மார்பை நிமிர்த்திக்கொள்வார்.

"முப்பது வருசம் நின்னே சோறு தின்ன ஒடம்புங்க இது. உக்காந்தா ஒத்துக்காது."

முடிதிருத்தும் கடையில் நின்றபடிதான் முடிவெட்டிக்கொள்வார். ஆள் ஆறடி. கடைக்காரர் ஐந்தடி. பாவம், அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடியைப் பார்க்கக் குனிந்து, திரும்ப நிமிர்ந்து வெட்டுவார். இவர் ஒருவருக்கு வெட்டிய பிறகு கடையைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் படுத்துக்கொள்வார் என்று கேள்வி.

கல்யாண வீடுகளில் இன்னும் விசேஷம். மண்டபத்தில் ஆயிரம் நாற்காலி போட்டிருந்தாலும் ஸ்டாண்டிங்காரர் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் கைகூப்பி "வாங்க, வாங்க" என்பார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஏதோ முக்கியமான மாமன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஈச்சனாரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். மனிதர் அங்கே போனது எங்களுக்குத் துணையாக. எங்களுக்கு ஒரு கர்சீப்கூடக் கிடைக்கவில்லை. பந்திக்குக் கூப்பிட்டபோது மட்டும், "இன்னைக்கு விரதமுங்க" என்று நழுவிவிட்டார். அவருடைய விரதங்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சாமியார்களுக்குப் பங்கு போடலாம்.

இதையெல்லாம் பார்த்து நானும் உங்களைப் போலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வருடம் நான் ஒரு சோபா வாங்கும் வரைக்கும்.

அந்த சோபாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கடையில் பார்த்தபோது அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஒரு குழி என்று தெரிந்தது. உட்கார்ந்தால் முழங்கால் மூக்குக்கு வரும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு விசேஷத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தார். ஸ்டாண்டிங்காரர் எங்கள் பேப்பரை இரவல் வாங்க வந்தார்.

"புது சோபாங்களா அம்மணி? ஜோரா இருக்குதுங்க."

"உக்காந்து பாருங்க."

"இருக்கட்டுமுங்க. நிக்கறதுதான் நமக்குச் சுகம்."

எனக்குச் சுருக்கென்றது. காசு போட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு மனிதர் உட்கார்ந்து நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா? கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, எங்க ஊட்ல உக்காந்தா உங்களுக்கு ஆகாதுங்களா?"

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. உட்காருவதுதான் பதில். இல்லாவிட்டால் காலத்துக்கும் வருத்தம். ஸ்டாண்டிங்காரரின் முகம் வெளுத்தது. கிணற்றில் இறங்கச் சொன்னால் பார்க்கிற மாதிரி சோபாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே போய்க் காப்பி போட்டேன்.

காப்பி முடிந்தது. மனிதர் கிளம்பவில்லை. பதினொரு மணிக்குப் பேப்பரை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பன்னிரண்டு மணிக்குக் கடைசியிலிருந்து முதல் வரை படித்தார். டெண்டர் விளம்பரத்தையெல்லாம் படித்து, "பாருங்க அம்மணி, ஈரோட்டுல தார் ரோடு போடறாங்களாமா" என்றார். ஒரு மணிக்கு, போகிற போக்கில், "சாப்பிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவைத்தேன். "சரீங்க" என்றார். தட்டை சோபாவுக்கே கொண்டுவந்து கொடுத்தேன். விரதம் எங்கே போச்சு என்று வாய்வரை வந்தது. இரண்டரை மணிக்கு, "ஊட்டைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களோ?" என்று ஜாடையாகக் கேட்டேன். "பூட்டிப்போட்டுத்தான் வந்தனுங்க" என்றார். உட்காராத மனிதரை உட்கார வைத்தேன், இப்போது எழுப்ப முடியவில்லையே என்று மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன். நெற்றியில் அவருக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. ஃபேன் தலைக்கு மேலேதான் ஓடியது.

மூன்று மணிக்கு அவரே வாய் திறந்தார்.

"அம்மணி, மழை வார மாதிரி இருக்குது. மாடியில துணி காயுதுங்களே, எடுக்கலீங்களா?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. சரி என்று மாடிப்படி ஏறுகிற சத்தம் மட்டும் செய்துவிட்டு, படியின் திருப்பத்திலிருந்து எட்டிப் பார்த்தேன்.

ஸ்டாண்டிங்காரர் இரண்டு கையையும் சோபாவின் கைப்பிடியில் ஊன்றி எழ முயன்றார். ஒரு சாண் எழுந்தார். தொப்பென்று விழுந்தார். மறுபடி உந்தினார், மறுபடி விழுந்தார். மூன்றாவது முறை ஒரு பக்கமாகச் சரிந்து தரையை நோக்கி வழுக்க ஆரம்பித்தார். நான் ஓடினேன்.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினார். முப்பது வருடக் கண்டக்டர் குரல். அப்படியே நின்றுவிட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னால எந்திரிக்க முடியலீங்க அம்மணி. காலையில புடிச்சே முடியலீங்க."

ஆறடி ஆளை நான் எங்கே தூக்குவது? பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடட்டுமா என்றேன். தூக்குப் போட்டுக்கொள்வேன் என்கிற மாதிரி பார்த்தார். கடைசியில் அவரே வழி சொன்னார். பஸ்ஸுக்கு ஜாக்கி போடுகிற கணக்கு. அவர் இடதுபக்கம் சாய, நான் வலதுபக்கம் ஒரு தலையணையைச் செருகினேன். வலதுபக்கம் சாய, இடதுபக்கம் இன்னொன்று. வீட்டிலிருந்த தலையணை, போர்வை, மடித்த ஜமுக்காளம் எல்லாம் உள்ளே போயின. விரல் விரலாக உயர்ந்தார். அரைமணி நேரம் கழித்து, முன்னால் போட்ட மர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு விசேஷ வீட்டில், பெரிய மனிதர் ஒருவர் உள்ளே வர, எல்லோரும் எழுந்து "வாங்க" என்றார்கள். இவரால் எழ முடியவில்லை. "திமிரு புடிச்ச ஆளு" என்று யாரோ காதுபடச் சொன்னார்கள். உட்கார்ந்தால்தானே எழவேண்டும்? அன்றிலிருந்து வெளியில் உட்காருவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் கட்டிலின் நாலு காலுக்கும் ஹாலோ பிளாக் கல் வைத்து உயர்த்தியிருந்தார். குளியலறைக் குழாயைப் பிடித்துப் பிடித்து எழுந்ததில் அது சுவரை விட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"என்ற பையனுக்குத் தெரிஞ்சுபோடக் கூடாதுங்க" என்றார். பையன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். மனைவி போன பிறகு இவர் தனியாள். வடவள்ளிப் பக்கம் பெரியவர்கள் மட்டும் இருக்கிற குடியிருப்பில் பையன் இடம் பார்த்து வைத்திருக்கிறான். அப்பாவால் தனியாக முடியாது என்று தெரிந்த மறுநாள் எதிர்வீட்டைப் பூட்டிவிடுவான். "ரெண்டு மாசத்துல வாரானுங்க. ஒரு வாரம் கூடவே இருந்து பாக்கறதா சொல்லீருக்கறான்."

"அந்த எடம் நல்லாத்தானே இருக்குமுங்க?"

"நல்ல எடந்தானுங்க. தோட்டமெல்லாம் வெச்சிருக்காங்களாமா. மணியடிச்சா டீ வருமாமா." தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். "எனக்கு எப்பத் தோணுதோ அப்ப டீ குடிக்கோணுமுங்க அம்மணி. அவ்வளவுதானுங்க."

மறுநாளே அவரைச் சுந்தராபுரத்தில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். முப்பது வயதிருக்கும். தொடையைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நேரம் நிப்பீங்க?"

"நாள் பூராவும்!" என்றார் பெருமையாக.

"எறக்கமான சேர்ல உக்காந்து எந்திரிச்சு எத்தனை நாளாச்சுங்க?"

பெருமை இறங்கியது.

"வயசானா சதை கரையறது எல்லாருக்கும் உள்ளதுதானுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா எந்திரிக்கிற வேலையையே நீங்க அதுக்குக் குடுக்கலீங்க. குடுக்காத வேலைய அது மறந்துபோடுச்சு. நின்னா பலம் வந்துருமுன்னு யாருங்க சொன்னது?"

எழ முடியவில்லை என்று உட்காராமல் இருந்திருக்கிறார். உட்காராமல் இருந்ததால் சுத்தமாக எழ முடியாமல் போயிருக்கிறது. இப்படி ஒரு மடத்தனத்தை எங்கள் ஊர் மரியாதைக்காரர்களால் மட்டும்தான் செய்யமுடியும். அதற்கு நாலு வருடம் கைதட்டிய தெரு எங்கள் தெரு. அந்தக் கும்பலில் நானும் உண்டு.

வைத்தியம் இதுதான்: தினம் காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து எழவேண்டும். முன்னால் மேஜை இருக்கவேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை. பழகப் பழக ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். பாதத்தைப் பின்னால் இழுத்து, சீட்டின் நுனிக்கு வந்து, மூக்கு முட்டியைத் தாண்டும்வரை முன்னால் குனிந்து, அப்புறம் எழவேண்டும். முட்டை, பயறு, கடலை சாப்பிடவேண்டும். "முட்டை ஆறுங்களா, ஏழுங்களா?" என்று கேட்டார் ஸ்டாண்டிங்காரர். "ஒண்ணு போதுமுங்க" என்றார் டாக்டரம்மா.

எண்ணிக்கை சொல்லி எழுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய பொள்ளாச்சி ரூட்டைக் கையில் எடுத்தார். உட்காருவது உக்கடம். ஒருமுறை எழுந்தால் ஆத்துப்பாலம். அடுத்தது குறிச்சிப் பிரிவு. அப்படியே சுந்தராபுரம், ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம். பையன் வருவதற்குள் கிணத்துக்கடவைத் தொடவேண்டும் என்பது திட்டம். நான் "போலாம் ரைட்" சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வண்டி எடுக்கமாட்டார்.

முதல் நாள் ஆத்துப்பாலத்திலேயே மூச்சு வாங்கியது. "பிரேக்டவுனுங்க" என்றார். மூன்றாவது வாரம் சுந்தராபுரம் வந்தோம். ஒரு தலையணையை எடுத்ததும் வண்டி மறுபடி ஆத்துப்பாலத்துக்கே போய்விட்டது. அன்றைக்கு முட்டையைத் தூக்கி எறிந்தார். "வேண்டாமுங்க, என்னை உட்டுருங்க, நான் நின்னே காலத்தை ஓட்டிக்கறேன்" என்று இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான் வாசலில் நின்று, தெருவே கேட்க, "வடவள்ளிக்குப் பெட்டி கட்டட்டுங்களா?" என்று ஒரு சத்தம் போட்டேன். கதவு திறந்தது.

பையன் பத்து நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டான். லீவு மாறிவிட்டதாம். அப்போது தலையணை இல்லாமல், கையை ஊன்றி, ஈச்சனாரி வரை வந்திருந்தோம். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழுந்ததில்லை.

அமைதியான பையன். நாற்பத்தைந்து வயது. நடக்கிற வழியில் கிடக்கிற எதையும் கவனிக்கிற கண். முதல் நாளே கேட்டுவிட்டான்.

"அப்பா, கட்டில் எதுக்கு இத்தனை ஒசரமா இருக்குதுங்க?"

"கீழ கூட்டறதுக்குச் சவுரியமா இருக்கும் கண்ணு."

"குழாய் எதுக்கு ஆடுது?"

"அது ஆடட்டும், தண்ணி வருதில்ல?"

ஆறு நாள் இப்படி ஓடியது. ஆறு நாளும் ஸ்டாண்டிங்காரர் பையன் முன்னால் உட்காரவில்லை. ஆறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி, அதாவது பையனின் மாமனார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. சாப்பிட்டதும் மூன்று பேரும் காரில் போய் வடவள்ளி இடத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. சம்பந்தி கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர். மரியாதையில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் தாங்கமாட்டார். ஒரு விருந்தில் யாரோ எழுந்து "வாங்க" சொல்லவில்லை என்று போட்ட இலையை அப்படியே விட்டுவிட்டுப் போனவர் என்று பையனே சொல்லியிருந்தான்.

நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்து எடுத்துக்கொண்டு போனபோது, பையன் பழைய ஒயர் நாற்காலி ஒன்றைக் கூடத்தின் நடுவில் போட்டுக்கொண்டிருந்தான். சோபாவுக்குத் தங்கச்சி போலத் தாழ்வான நாற்காலி. கைப்பிடி கிடையாது.

"ஆறு நாளா நானும் பாக்கறேனுங்கப்பா. ஒருக்கா உக்காருங்க."

"இருக்கட்டும் கண்ணு."

"எனக்காக உக்காருங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உட்கார்ந்தார். உட்கார்ந்த மறுநொடி வாசலில் கார் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்பந்தி நிலைப்படியில் வந்து நின்று, கைகூப்பினார்.

"வாரனுங்க சம்பந்தி."

அந்தக் கூடத்தில் மூன்று பேர் நின்றோம். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சம்பந்தியைக் கும்பிட்டபடியேதான் எழவேண்டும். கைகளைக் கூப்பிவிட்டால் ஊன்ற முடியாது.

ஸ்டாண்டிங்காரர் கைகூப்பினார். பாதத்தைப் பின்னால் இழுத்தார். நுனிக்கு வந்தார். மூக்கு முட்டியைத் தாண்டும்வரை குனிந்தார். உந்தினார். எழவில்லை, பின்னால் போய்ச் சாய்ந்தார்.

இத்தனை பெரிய கும்பிடைச் சம்பந்தி எதிர்பார்க்கவில்லை. பதறிப்போய் அவரும் குனிந்து கும்பிட்டார்.

இரண்டாவது முறை. குனிந்தார், உந்தினார், ஒரு சாண் எழுந்தார். வேட்டிக்குள் தொடை நடுங்குவது எனக்கே தெரிந்தது. தொப்பென்று விழுந்தார். சம்பந்திக்குப் பதற்றம் கூடிவிட்டது. இவரை விடத் தாழ்வாகக் குனிந்தார்; தோள்துண்டு நழுவித் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. பையன் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"உடுங்க!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். யார் வீட்டுப் பிள்ளை, என்ன உரிமை என்றெல்லாம் யோசிக்கவில்லை.

மூன்றாவது முறை குனிந்தார். எழுந்தார். பாதியில் நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூப்பிய கை ஆடியது. முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. போச்சு, வடவள்ளிதான் என்று நினைத்தேன், என் வாய் என்னைக் கேட்காமல், "போலாம் ரைட்!" என்று கத்திவிட்டது.

எழுந்துவிட்டார். ஆறடியும் எழுந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி" என்றார், மூச்சு வாங்க.

சம்பந்திக்குக் கண்ணில் தண்ணீர். "மூணு வாட்டி கும்புட்டீங்களே! இந்த மாதிரி ஒரு மரியாதைய நான் எங்கயும் பாத்ததில்லீங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, பிடித்துக்கொண்டார்.

பையன் ஏமாறவில்லை. சாப்பாடு நடக்கும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். "அக்கா, அது கும்பிடு இல்லீங்களே?"

"இல்லை" என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் முகம் இறுகியது.

"நான் அங்க தூங்காம கெடக்கறேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து மறைச்சிருக்கீங்க. விழுந்திருந்தாருன்னா?"

எனக்கும் கோபம் வந்தது. "மறைச்சது தப்புதான். ஆனா ரெண்டு மாசத்துக்கு முன்னால உங்கப்பா ஒருக்கா எந்திரிக்க என் ஊட்டுத் தலையாணி பூராவும் வேண்டியிருந்துச்சு. இன்னைக்குக் கையே ஊனாம எந்திரிச்சிருக்கார். உங்க கண்ணு மூணு தடவை முயற்சி பண்ணதை மட்டும் பாக்குது. நான் எந்திரிச்சதைப் பாக்கறேன்."

பின்னால் ஸ்டாண்டிங்காரர் வந்து நின்றிருந்தார். கையில் ரசம் காயவில்லை.

"விழுவேன் கண்ணு" என்றார். "ஒருநாள் விழத்தான் விழுவேன். இனி உன்கிட்ட மறைக்கமாட்டேன். ஆனா எந்திரிக்க இப்பத்தான் மறுபடி பழகீட்டு இருக்கறேன். முழுசாப் பழகறதுக்குள்ள என்னை எறக்கி உட்டுராத."

பையன் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. சம்பந்தி ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, "கெளம்பலாமுங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க மாமா" என்றான். "குளியலறைக்குக் கம்பி வெக்கோணும். பிளம்பர் யாராச்சும் தெரியுங்களா?"

டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப்போட்டு, குளியலறையிலும் பின்வாசல் படியிலும் பிடிமானக் கம்பி வைத்து, அப்பாவின் கழுத்தில் அவசரத்துக்கு அமுக்குகிற பொத்தான் ஒன்றை மாட்டி, வாரம் இருமுறை டாக்டரம்மா வீட்டுக்கே வர ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் பையன் கிளம்பினான். நான் மறுபடி எதையாவது மறைத்தால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சண்டை போடுவதாகவும் சொன்னான்.

இப்போது தெருவின் பிரச்சினை வேறு. மனிதர் கண்ட இடத்தில் உட்காருகிறார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பக்கத்தில் இருப்பவர்களின் டீயெல்லாம் சிந்துகிறது. முடிதிருத்தும் கடைக்காரர் மட்டும் நிம்மதியாக இருக்கிறார். இதையெல்லாம் எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, "எழுதுங்க அம்மணி. என்னையாட்டம் இன்னும் எத்தனை பேரு நின்னுட்டே இருக்காங்களோ" என்றார்.

அவரிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. அன்றைக்கு அந்தக் கார் அவரை வடவள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தால், பூட்டிய எதிர்வீட்டைப் பார்க்க மனசில்லாமல் நான் வாசலுக்கு வருவதையே நிறுத்தியிருப்பேன்.